விசிறிக் கூண்டு

கரையிலிருந்து நூறடி தள்ளி
ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றது மோட்டார்.
படகில் ஏழு பேர், ஒரு பஞ்சுமிட்டாய்.
"ஏன் மாமா நிப்பாட்டுனீங்க?"
நான் எங்கே நிப்பாட்டினேன் பாப்பா,
வண்டியூர்க் கண்மாய் நிப்பாட்டிவிட்டது.

பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால்
மூன்று இதழ் இருந்த இடத்தில் ஒரு கொண்டை.
நைலான் வலை,
அதன்மேல் யாரோ கரைத்த மாலையின் நார்,
அதன்மேல் காத்தாடி நூல்,
அதன்மேல் எந்த வீட்டுத் துக்கத்திலோ
தலைமுழுகி விட்டுப்போன வேட்டியின் கரை.
எல்லாம் ஒரே பக்கமாகச் சுற்றி
உரசிய சூட்டில் உருகி
அரக்காய் இறுகியிருந்தது.

முதலில் சாவியைப் பிடுங்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
இந்த வேலையில் எனக்குத் தெரிந்த சாஸ்திரம்
அது ஒன்றுதான்:
கை உள்ளே இருக்கும்போது
சாவி அதனிடத்தில் இருக்கக் கூடாது.

கொய்யா நறுக்கக் கொண்டுவந்த கத்தியை
ஒரு அம்மா நீட்டினார்.
உப்பும் மிளகாய்ப்பொடியும் ஒட்டிய கத்தி.
அறுக்க அறுக்க
விரல் வெட்டுகளில் எரிந்தது.
உள்ளே ஒரு ஜிலேபிக் குஞ்சு,
வட்டமாகவே செத்திருந்தது.

சுழலியின் நடுவில் பித்தளை ஊசி ஒன்று உண்டு.
பாரம் மீறினால் தான் உடைந்து
இன்ஜினைக் காப்பாற்றும்.
விலை முப்பத்தைந்து ரூபாய்.
என் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

இந்த மாதத்தில் நாலாவது ஊசி.
"அடுத்தது உன் சம்பளத்துல" என்றார் காண்ட்ராக்டர்.

பரணில் கிடந்தது
மோட்டார் கருகிய மேசை விசிறி.
மகள் விரலுக்குப் பயந்து
நெருக்கக் கம்பியாகப் பார்த்து வாங்கியது.
கூண்டை மட்டும் கழற்றி
அனுப்பானடி சிக்கந்தர் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.
அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து,
"காத்த வெட்டுனதுக்குப் போட்ட வேலி
தண்ணிய வெட்டுறதுக்கு ஆகாதா என்ன" என்று
கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

ஆகத்தான் செய்தது.
வேகத்தில் கால்வாசியைக் கூண்டு தின்கிறது.
ஆகாயத்தாமரை வேர் வந்து அப்பினால்
பின்னோக்கி ஓட்டித் துப்பவைக்க வேண்டும்.
காதல் ஜோடிகள் சத்தம் போடுவதில்லை,
குடும்பஸ்தர்கள் கடிகாரம் பார்க்கிறார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
டிக்கெட் கொட்டகைப் பக்கம் ஒரு ஆட்டோ நின்றது.
சோணைமுத்து.
வேலியோரம் நான் எறிந்த நைலான் துண்டுகளை
மடியில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
"நாலாவது வலைண்ணே" என்றார்.

நாலு என்று நானும் எண்ணியிருந்தேன்,
ஊசியை.

"விடியுமுன்ன எடுத்துர வேண்டியதுதான?"
"ஏர்போர்ட் சவாரி. வந்து படுத்தா
எந்திரிக்க முடியல."
கண்மாயில் வலை போட அவருக்குச் சீட்டு கிடையாது.
வலையை அறுக்க எனக்கும்
யாரும் சீட்டுக் கொடுத்ததில்லை.

கரையில் தூக்கிவைத்த கூண்டுக்குள்
சுண்டுவிரலை விட்டு
இதழ் எட்டுகிறதா என்று பார்த்தார்.
எட்டவில்லை.
"முன்னாடியே போட்டிருந்தா..." என்று தொடங்கி
மடியை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதுவரை நான் நினைத்திருந்தது
கூண்டு என் சுழலிக்கென்று.

மறுநாள் காலை தண்ணீரில்
வாய் மூடிய தண்ணீர் பாட்டில்கள்,
கழுத்தில் சிவப்புத் துணி,
தீவைச் சுற்றி வளைந்து ஒரு வரிசை.
காண்ட்ராக்டர் கண்ணைச் சுருக்கினார்.
"அது என்னய்யா அங்க?"

"குப்பை சார்."

"எடுக்கச் சொல்லவா?"

"வேணாம் சார்,
ஒதுங்கிப் போயிக்கிறேன்."